சூரியன் வடக்கே போகும் மாதங்கள்

ஆனி மாதம் உச்சிவேளையில், அமராவதி அணைப் பக்கம் திறந்த வெளியில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். நிழல் தெற்கே விழும். நீளம் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். கடிகாரத்தில் 12 அடித்ததும் பார்த்தால் சரியாக வராது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது; நாம் அதற்கு மேற்கே 77 பாகையில் இருப்பதால் நமக்கு உச்சி 12.20 வாக்கில்தான். அதே குச்சிக்கு மார்கழியில் நிழல் வடக்கே விழும், 67 சென்டிமீட்டர் நீளத்துக்கு.

நாம் இருப்பது வடக்கே 10.4 பாகையில். சூரியனோ 23.4 பாகை வரை வடக்கே ஏறிப் போகிறது. ஏப்ரல் நடுவில் நம் தலைக்கு நேர் மேலே வரும், அப்புறம் நம்மைத் தாண்டி வடக்கே நகரும், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வந்து தெற்கே இறங்கும். சித்திரை பிறந்த சில நாளிலிருந்து ஆவணி பத்தாம் தேதி வரைக்கும் வடக்குச் சுவரில் உச்சிவேளையிலும் வெயில் அடிக்கும் என்று அர்த்தம். வடக்கு ஜன்னல் உள்ள வீட்டில் குடியிருக்கும் யாருக்கும் இது தெரியும். ஆனாலும் பனியன் கம்பெனி கட்டுவதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், “வடக்குப் பக்கம் முழுசும் கண்ணாடி போட்றலாங்க, அந்தப் பக்கம் வெயிலே வராது” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

நான் கட்டடங்களுக்கு வெளிச்சக் கணக்குப் போடும் வேலையில் இருக்கிறேன். வீடு அமராவதி நகரில். வேலை பெரும்பாலும் உடுமலை தாண்டி பல்லடம், திருப்பூர், அவிநாசி பக்கம். ஜன்னலையும் கூரையையும் லைட்டையும் சேர்த்து, கட்டடம் எழும்பும் முன்பே கம்ப்யூட்டரில் வைத்துப் பார்க்கும் கருவிகள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பல இலவசம். அவற்றை நம் ஊருக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இந்த வடக்கு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ரம்பப்பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்கு பார்த்த கண்ணாடி. இது இங்கிலாந்தின் நெசவாலைகளில் வளர்ந்த வடிவம். லங்காஷயர் இருப்பது 53 பாகைக்கும் மேலே. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கில்தான். கோடையில் அதிகாலையும் சாயங்காலமும் மட்டும் தாழ்ந்த வெயில் கொஞ்சம் வடக்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த ஊருக்கு வடக்குக் கண்ணாடி ஒரு அருமையான விடை: வெயில் வராமல் வானத்து வெளிச்சம் மட்டும் வரும். கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் தொடங்கியது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. இயந்திரங்களோடு சேர்த்துக் கூரை வடிவமும் நம் பக்கம் வந்து சேர்ந்தது. பிற்பாடு நூற்பாலைகள் பஞ்சுக்கு வேண்டிய ஈரப்பதத்தைக் காப்பதற்காகக் கூரையை மூடிக்கொண்டன, அதனால் அங்கே இந்தக் கேள்வியே அடங்கிப் போனது. தைக்கும் தொழில் அப்படியில்லை. அதற்குக் கண் வேண்டும், கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும்.

நம் ஊர்க் கணக்கைச் சொல்கிறேன். நேர் வடக்குச் சுவரில் ஒரு மீட்டர் உயரக் கண்ணாடி. ஜூன் 21, உச்சிவேளை. வெயில் உள்ளே வராமல் தடுக்க 23 சென்டிமீட்டர் சன்ஷேடு போதும். சூரிய நேரப்படி காலை 9 மணிக்கு அதே கண்ணாடிக்கு 39 சென்டிமீட்டர் வேண்டும். 8 மணிக்கு 59. இன்னும் முன்னால் போனால் சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் பத்தாது. சூரியன் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது, பக்கவாட்டில் நிற்கும் பலகைதான் அதைத் தடுக்க முடியும். இப்போது ஒரு மீட்டர் கண்ணாடியை விட்டுவிட்டு, கம்பெனிகளில் போடுகிற ஏழடிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மணி வெயிலைத் தடுக்கவே முக்கால் மீட்டருக்கு மேல் கான்கிரீட் நீட்ட வேண்டும். அதற்குப் பதிலாகக் கண்ணாடியை ஓரடிக்கு ஓரடி பிரித்து ஐந்து அங்குல லூவர் பலகைகள் வைத்தால் அதே வேலை நடந்துவிடும், ஏனென்றால் கோணம் ஒன்றுதான்.

புதுச்சேரியில் இதற்கு நல்ல சாட்சி உண்டு. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகஷிமா அங்கேயே தங்கிக் கட்டிய கோல்கொண்ட் விடுதி. 1930களின் கடைசியில் தொடங்கி 1940களில் முடிந்த கட்டடம். அதன் நீண்ட முகங்கள் தெற்கையும் வடக்கையும் பார்க்கின்றன, இரண்டு முகத்திலும் திருப்பக்கூடிய லூவர்கள். வடக்குதானே என்று அந்தப் பக்கத்தைச் சும்மா விடவில்லை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் சூரியப் பாதையைக் காகிதத்தில் வரைந்து பார்த்தே இந்த முடிவுக்கு வர முடிந்தது.

சரி, வெயில் உள்ளே வந்தால்தான் என்ன? துணி மேல் விழுகிறது, அதுதான் தொல்லை. பவர் டேபிளில் வெள்ளை பனியன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். நேர் வெயில் 80,000 லக்ஸ் அளவில் அந்தத் துணியில் விழுந்தால், வெள்ளைத் துணி பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும். கணக்குப் போட்டால் அந்தத் துணியின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 20,000 கேண்டிலா. பக்கத்து டேபிளில் டியூப்லைட் வெளிச்சம் 750 லக்ஸ் இருந்தால் அதே வெள்ளைத் துணி 190 கேண்டிலாதான். நூறு மடங்கு வித்தியாசம் ஒரே பார்வைக்குள். தையல் ஓடும் இடத்தைக் கண் பிடிக்க முடியாது.

ஒரு கம்பெனியில் ஜன்னல் முழுக்க அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே எல்லா லைட்டும் எரிகிறது; வெளியே நல்ல பகல். செக்கிங் டேபிளில் நின்றிருந்த அக்காவிடம் கேட்டேன்.

“அட்டை யாருங்க்கா ஒட்டுனது?”

“நாங்கதாந் தம்பி ஒட்டுனோம். வெயில் துணி மேல விழுந்துச்சுன்னா ஓட்டை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு ஒண்ணுந் தெரியமாட்டேங்குதுங்க. ரெண்டு வாட்டி செக் பண்ணோணும். சாயங்காலம் தலை வலிக்குதுங்க.”

அந்த அக்கா சொன்னதுதான் இந்தத் துறையின் முழுப் பாடமும். கண்ணாடிக்குச் செலவு செய்தாயிற்று. அந்தக் கண்ணாடியை அடைக்க அட்டை. அடைத்ததால் வந்த இருட்டைப் போக்கக் காலை முதல் லைட். லைட்டுக்குக் கரண்ட் பில். கூடவே தலைவலி. இதில் ஒவ்வொன்றையும் வரைபடத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எளிமையானதிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான வரைவாளர்களிடம் ஸ்கெட்ச்அப் இருக்கிறது. அதில் நிழலைப் போட்டு, மாதத்தையும் மணியையும் நகர்த்தி, வெயில் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். முக்கியமான ஒரு விஷயம்: மாடல் எந்த ஊரில் நிற்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரத்தில் நிற்பதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்த மென்பொருளுக்கு உண்டு. அது 40 பாகை வடக்கு. அங்கே நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போகாது. வடக்குக் கண்ணாடியில் உச்சி வெயிலே காட்டாது, எல்லோரும் திருப்தியாக எழுந்து போய்விடுவார்கள். கூடவே வடக்குத் திசையையும் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பூர் சைட்டுகள் ரோட்டைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும், வரைபடத்தின் மேல்பக்கம் வடக்காக இருப்பது அபூர்வம்.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால் ஆண்ட்ரூ மார்ஷ் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் சூரியப் பாதைக் கருவி இருக்கிறது. ஒரு காலத்தில் நம் கட்டடக்கலை மாணவர்களெல்லாம் பழகிய ஈகோடெக்ட் மென்பொருளை உருவாக்கியவர் அவர். அதை ஆட்டோடெஸ்க் 2008இல் வாங்கி, 2015இல் விற்பனையை நிறுத்திவிட்டது. அவருடைய புதிய கருவிகளில் அட்சரேகையையும் தேதியையும் கொடுத்தால் சூரியன் நகரும் வளைவு கண்முன் நிற்கும். வீட்டுக்காரரையோ கம்பெனி முதலாளியையோ பக்கத்தில் உட்காரவைத்து ஜூன் மாதத்தைக் காட்டுங்கள். வடக்குப் பேச்சு அந்த நிமிடமே முடிந்துவிடும்.

நிழல் தெரிந்தால் பாதிக் கேள்விக்குத்தான் விடை கிடைத்த மாதிரி. வெயில் விழாத இடத்தில் வெளிச்சம் எவ்வளவு இருக்கும்? ஜன்னலிலிருந்து பத்து மீட்டர் உள்ளே உட்கார்ந்து ஓவர்லாக் ஓட்டுபவருக்கு என்ன கிடைக்கும்? இங்கேதான் அழகான படமும் உண்மையான கணக்கும் பிரிகின்றன. விளம்பரத்துக்காகச் செய்கிற முப்பரிமாணப் படத்தில் உட்புறம் எப்போதும் பளிச்சென்று இருக்கும். வரைந்தவர் கேமராவின் வெளிச்சத்தைக் கூட்டிவைத்திருப்பார், இல்லாத இடத்தில் ஒரு விளக்கை மறைத்துவைத்திருப்பார். அந்தப் படத்தை வைத்து லைட் எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யக் கூடாது.

கணக்குப் பக்கத்தில் எல்லோரும் சாய்ந்து நிற்கும் தூண் ரேடியன்ஸ். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிரெக் வார்டு 1980களின் நடுவில் எழுதத் தொடங்கிய மென்பொருள். பார்ப்பவரின் கண்ணிலிருந்து கதிரைப் பின்னோக்கி அனுப்பி, அது சுவரில் பட்டு, தரையில் பட்டு, கடைசியில் வானத்தையோ விளக்கையோ போய்த் தொடுகிறதா என்று தேடும். ஒவ்வொரு பரப்பும் எத்தனை பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்று நாம் எண்ணாகக் கொடுக்க வேண்டும். உண்மையான அறையில், உண்மையான வானத்தின் கீழே அளந்த எண்களோடு ஜான் மர்டால்ஜெவிக் இதை ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறார். அதனால்தான் இன்றுள்ள பல கருவிகளும், லேடிபக் குடும்பத்தின் ஹனிபீ ஆகட்டும், கிளைமேட்ஸ்டுடியோ ஆகட்டும், உள்ளே ரேடியன்ஸையோ அதன் முறையையோ வைத்துக்கொண்டு ஓடுகின்றன. லேடிபக் இலவசம், ஆனால் அதை ஓட்டும் ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருளுக்குக் காசு கட்ட வேண்டும். முழுக்க இலவசமாக வேண்டுவோருக்கு வெலக்ஸ் நிறுவனத்தின் டேலைட் விஷுவலைசர் இருக்கிறது. ஒரு ஷெட்டின் கூரைக் கண்ணாடியைச் சோதிக்க அதுவே தாராளம்.

இவை தரும் படங்களில் எனக்குப் பிடித்தது, பலவண்ணத்தில் வரும் லக்ஸ் வரைபடம். நீலம் இருட்டு, பச்சை நடுத்தரம், சிவப்பு அதிகம். தரைத்தளத்தின் வரைபடத்தை அப்படியே வண்ணத்தில் போட்டு சூப்பர்வைசரிடம் கொடுத்தால், எந்த விளக்கமும் இல்லாமலே கட்டிங் டேபிளை எங்கே தள்ளுவது, பேக்கிங்கை எங்கே வைப்பது என்று அவரே பேச ஆரம்பித்துவிடுவார். வெளிச்சம் கம்மியாக வேண்டிய வேலையை நீலத்துக்கு நகர்த்துவார். இந்தப் பேச்சு நடப்பதற்காகவே அந்தப் படம் எடுக்க வேண்டும்.

எந்த வானத்தை வைத்துக் கணக்கிடுவது என்பது அடுத்த கேள்வி. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டு வானத்தை அளந்து, தெளிந்த வானம், சூரியன் 15 பாகை உயரத்தில், வெளியே 8,000 லக்ஸ் என்று ஒரு அடிப்படை வைத்தது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2440 அதன்மேல் எழுதப்பட்டது. வெளியே கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தால் 80 லக்ஸ் என்று அதில் கணக்கு. அந்தக் காலத்தில் கையால் கணக்குப் போடுவதற்கு இது பெரிய உதவி. ஐரோப்பியப் பாடப்புத்தகங்கள் மேகம் மூடிய சாம்பல் வானத்தையே அடிப்படையாக வைத்திருந்தபோது, நம் ஊர் ஆராய்ச்சியாளர்கள் நம் வானத்தைத் தனியாக அளந்தார்கள். இந்த வேலையைப் பற்றி நம் கல்லூரிகளில் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்.

இப்போது ஒரே வானம் போதாது, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வானிலைக் கோப்பு கிடைக்கிறது. நமக்கு அருகில் கோயம்புத்தூர்க் கோப்பு. அதை வைத்து ஓட்டினால், ‘இந்த டேபிளில் ஆண்டின் பகல் நேரத்தில் எத்தனை பங்கு, பயன்படும் அளவில் வெளிச்சம் இருக்கும்’ என்று கேட்கலாம். அஸ்ஸா நபிலும் மர்டால்ஜெவிக்கும் 2005இல் முன்வைத்த அளவுகோல் இது: 100 லக்ஸுக்குக் கீழே போனால் போதாது, 2,000க்கு மேலே போனால் கூச்சமும் வெக்கையும், நடுவில் இருப்பது பயன்படும் வெளிச்சம். இந்தியாவின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும் 2017இல் வணிகக் கட்டடங்களுக்கு இதே அளவுகோலை எடுத்துக்கொண்டது.

ஆண்டுக் கணக்கில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் தெரியவரும். சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில் பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவக் காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் உடுமலைப் பக்கம் வந்து நிற்கும். காற்றாலைகள் எல்லாம் சுற்றும் காலம் அது. வடக்கு வெயிலின் உண்மையான அடி சித்திரையிலும் வைகாசியிலும்தான், மேகம் வருவதற்கு முன்னால். வெக்கை உச்சத்தில் இருக்கும் அதே வாரங்கள். ஜூன் 21ஐ மட்டும் சோதித்துவிட்டுப் போனால் இது பிடிபடாது. மே மாதத்தைச் சோதியுங்கள்.

கூச்சத்துக்கும் தனி அளவுகோல் இருக்கிறது. வீனோல்டும் கிறிஸ்டோஃபர்சனும் 2006இல் கொண்டுவந்தது. உட்கார்ந்திருப்பவரின் கண் இருக்கும் இடத்தில் மீன்கண் லென்ஸ் மாதிரி ஒரு படம் எடுத்து, அதில் பிரகாசமான திட்டுகள் எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்த்து ஒரு எண் கொடுக்கும். 0.35க்குக் கீழே என்றால் கண் உறுத்தாது, 0.45ஐத் தாண்டினால் தாங்காது. அலுவலகத்துக்காக வந்த அளவு என்றாலும் தைக்கும் வரிசைக்கும் ஓட்டிப் பார்க்கிறேன். டெய்லர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறார் என்பதே இதில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மெஷின் வரிசையைத் திருப்பிப் போட்டால், ஒரு ரூபாய் செலவில்லாமல் ஜன்னல் முகத்துக்கு நேராக இல்லாமல் இடது பக்கம் வந்துவிடும். லைன் லேஅவுட் போடுபவரும் கட்டடம் வரைபவரும் ஒருமுறையாவது ஒன்றாக உட்கார வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது லைட். பகல் வெளிச்சத்தை யாரோ வரைவார், லைட்டை எலக்ட்ரீஷியன் வந்து மாட்டுவார், இரண்டும் சந்திக்காது என்பதே பல கம்பெனிகளின் நிலைமை. டயலக்ஸ் ஈவோ என்று ஜெர்மனியின் டயல் நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருளில் இரண்டையும் ஒரே மாடலில் போடலாம். லைட் கம்பெனிகள் தங்கள் ஒவ்வொரு விளக்குக்கும் ஒளி பரவும் கோப்பைத் தருகின்றன. அதை உள்ளே இழுத்து, ஒரு நாளையும் நேரத்தையும் வானத்தையும் கொடுத்தால், ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து டேபிளில் என்ன விழுகிறது என்று காட்டும். தையலுக்கு 750 லக்ஸ், நிறப் பரிசோதனைக்கும் துணிப் பரிசோதனைக்கும் 1,000 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரம். நம் வாங்குவோரில் பலர் அந்தப் பக்கத்தவர்கள் என்பதால் இந்த எண்கள் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பழக்கமானவை.

அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டிய முதல் முடிவு சுவிட்ச். லைட் வரிசைகளும் அவற்றின் சர்க்யூட்டும் ஜன்னலுக்கு இணையாக ஓட வேண்டும். ஜன்னலோரத்து வரிசைக்கு ஒரு சுவிட்ச், அடுத்த வரிசைக்கு ஒன்று, உள்வரிசைக்கு ஒன்று. வழக்கமாக வயர் மிச்சம் பிடிப்பதற்காக ஜன்னலுக்குச் செங்குத்தாக இழுத்துவிடுவார்கள். அப்புறம் ஜன்னலோரத்து லைட்டை அணைக்க நினைத்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் இருட்டில் போய்விடுவார், ஆகவே யாரும் எதையும் அணைக்க மாட்டார்கள். கட்டும்போது வயரிங்கில் இந்த ஒன்றைச் செய்துவிட்டால், பின்னால் வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மங்கும் சென்சார் வைப்பதும் எளிது. வைக்காவிட்டாலும் கையால் அணைக்கலாம்.

பொதுவெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஊசிமுனைக்கு மெஷினிலேயே சின்ன எல்.இ.டி. வைப்பது அடுத்தது. கறுப்பு லாட்டு ஓடும் நாளில் இது கட்டாயம். கறுப்புத் துணி வெளிச்சத்தில் நூற்றில் ஐந்து பங்கைத் திருப்பினால் அதிகம். 750 லக்ஸிலும் அதன் பிரகாசம் 12 கேண்டிலாதான். வெள்ளைக்குப் போதுமான வெளிச்சம் கறுப்புக்குப் போதாது, அதுவும் கறுப்பு நூலில் தைக்கும்போது. மாதம் முழுக்க என்ன நிறம் ஓடும் என்று மெர்ச்சண்டைசரிடம் கேட்டுவிட்டு லைட் கணக்குப் போடும் வழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது.

துணியின் நிறத்தை ஒப்பிட்டு ஷேடு பார்க்கும் மேஜையை மட்டும் இந்தப் பகல் வெளிச்சத் திட்டத்திலிருந்து விலக்கிவைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தின் நிறம் காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, மேகம் வந்தால் வேறொன்று. லைட் பாக்ஸில் டி65 விளக்கு எரிவதே பகல் வெளிச்சத்தின் ஒரு நிலையை, 6,500 கெல்வின் அளவில், அசையாமல் நிறுத்திவைப்பதற்காக. அந்த அறைக்கு ஜன்னல் வேண்டாம், சுவருக்குச் சாம்பல் நிறம் வேண்டும்.

தகரக் கூரை ஷெட்டுக்கு வருகிறேன், இப்போது புதிதாக எழும்புவதில் அவைதான் அதிகம். ஒளி ஊடுருவும் ஷீட்டை நடுநடுவே போடுவது எல்லோரும் செய்வது. எத்தனை போடுவது? ஒரு தோராயக் கணக்கு: வெளியே 60,000 லக்ஸ், கூரைப் பரப்பில் நூற்றுக்கு 4 பங்கு ஷீட், அது பாதி வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, அதில் பாதி டேபிளுக்கு வந்து சேர்கிறது. 600 லக்ஸ். நாலு பங்கே இவ்வளவு தரும்போது பத்துப் பங்கு, பதினைந்து பங்கு என்று போடுவது வெக்கையை விலைகொடுத்து வாங்குவது. நல்ல எல்.இ.டி. விளக்குப் போலவே பகல் வெளிச்சமும் ஒரு வாட் வெப்பத்துக்கு 100 லூமன் சுமாராகத் தருகிறது. தேவையான அளவு வந்தால் விளக்கைவிட அதிக வெக்கை இல்லை. தேவைக்கு மேல் வருவதெல்லாம் சுத்த வெக்கை. தெளிந்த ஷீட் வேண்டாம், பால் நிற ஷீட் வேண்டும். தெளிந்ததில் வெயில் சதுரம் சதுரமாகத் தரையில் இறங்கி நாள் முழுக்க டேபிள்கள் மேல் நகரும்.

வெக்கைக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பெங்களூருத் தைக்கும் ஆலைகளிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் என்ற பொருளாதார அறிஞர்கள், பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்ட ஆலைகளைப் பார்த்தார்கள். வெயில் அதிகமான நாட்களில் உற்பத்தி உயர்ந்திருந்தது, எல்.இ.டி. விளக்குகள் தலைக்கு மேலே குறைவாகச் சூடு உமிழ்ந்ததே காரணம். விளக்குச் சூட்டுக்கே இப்படி என்றால், மே மாதத்தில் கூரை வழியாக வரும் தேவையற்ற வெயிலுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முழுக் கம்பெனியாகவே இதைச் செய்துகாட்டிய இடம் பக்கத்தில், இலங்கையில் இருக்கிறது. துல்ஹிரியவில் எம்.ஏ.எஸ். குழுமம் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்காக 2008இல் திறந்த துருலி ஆடை ஆலை. வடிவமைத்தவர் வினோத் ஜயசிங்க. பகல் வெளிச்சத்தையும், தண்ணீர் ஆவியாவதைக் கொண்டு காற்றைக் குளிர்விக்கும் முறையையும் சேர்த்துக் கட்டி, லீட் பிளாட்டினம் பசுமைக் கட்டடச் சான்று பெற்றது. நாம் தைக்கிற அதே வேலை, நம்மைவிடத் தெற்கே, வடக்கு அட்சரேகை 7 பாகைச் சொச்சத்தில், சூரியன் நம்மைவிட அதிக நாள் வடக்கே நிற்கும் ஊரில். ஏற்றுமதி ஆர்டருக்கு அவசரம் அங்கேயும் உண்டு, வெக்கையும் உண்டு. திருப்பூரிலிருந்து முதலாளிகள் மெஷின் பார்க்க எங்கெங்கோ போகிறார்கள். கட்டடம் பார்க்கவும் ஒருமுறை போகலாம்.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு கருவி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அட்டையில் செய்த மாடல். வெளிச்சத்துக்கு அளவு வித்தியாசம் கிடையாது; இருபதில் ஒரு பங்கு அளவில் சரியாகச் செய்த மாடலுக்குள், அதே வானத்தின் கீழ், உண்மைக் கட்டடத்தில் விழும் அதே பங்கு வெளிச்சம் விழும். சுவருக்கும் தரைக்கும் உண்மையான நிறம் கொடுக்க வேண்டும், ஜன்னலில் அதே கண்ணாடியோ ஷீட்டோ வைக்க வேண்டும், அட்டை இடுக்கில் வெளிச்சம் கசியாமல் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். மொட்டைமாடிக்கு எடுத்துப் போய், லக்ஸ் மீட்டரின் தலையை உள்ளே வைத்து, வெளியே ஒருமுறையும் உள்ளே ஒருமுறையும் அளந்தால் முடிந்தது. ஆடிட்டுக்காக எல்லாக் கம்பெனியிலும் லக்ஸ் மீட்டர் இருக்கிறது. போன் கேமராவை மாடலின் வாசல் வழியாக நுழைத்துப் படம் எடுத்தால் டெய்லர் என்ன பார்ப்பார் என்றும் தெரியும். ஒரு மேஸ்திரி இதைப் பார்த்துவிட்டு, ஓட்டு வீட்டில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு வைத்துக் கைத்தறிக் குழிக்கு வெளிச்சம் கொண்டுவருவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எத்தனாவது வரிசை ஓட்டில் வைத்தால் வெளிச்சம் பாவில் விழும், நெய்பவரின் கண்ணில் விழாது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

கடைசியாக, மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், கண்ணாடி எவ்வளவு அழுக்காகும் என்று கேட்கும். பலரும் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் அதைத் தொடாமல் விடக் கூடாது; பாலிகார்பனேட் ஷீட் வேறு சில ஆண்டுகளில் மஞ்சளடையும். நான் புதுக் கண்ணாடிக்கு ஒருமுறையும், தூசி படிந்து மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விட்டதாக வைத்து ஒருமுறையும் ஓட்டி, இரண்டு வண்ணப் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் கொடுக்கிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவே, வெளிச்சத்துக்கான ஜன்னல் கண்ணாடியையும் கூரைக் கண்ணாடியையும் உள்ளும் புறமும் சுத்தமாக வைக்கச் சொன்னது. கண்ணைக் கூசவைக்கும் ஒளியையும், கண்ணுக்குச் சிரமம் தரும் நிழலையும் தடுக்கச் சொன்னதும் அதே பிரிவு. அந்த இரண்டு படங்களையும் பார்க்கும் முதலாளி பெரும்பாலும் கேட்பது, கூரைக்கு ஏறிப் போக நடைபாதை வைக்க எவ்வளவு ஆகும் என்று. அதையும் முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள், ஷெட் முடிந்தபின் வைத்தால் செலவு கூடும்.